விசா வரும் வரை வாழ்க்கை நிற்க வேண்டுமா?



திருமணம் முடிந்த மூன்றாம் வாரத்தில் மணமகன் மட்டும் விமானம் ஏறுவதும், மணமகள் விசாவுக்காக ஊரிலேயே காத்திருப்பதும் இன்று நம் பங்குகளில் வழக்கமாகிவிட்டது. செவிலியராக, பொறியாளராக, ஆசிரியையாகப் பணியாற்றிய பெண், "எப்படியும் சீக்கிரம் போகப் போகிறோம்" என்ற நம்பிக்கையில் திருமணத்திற்கு முன்பே வேலையை விட்டுவிடுகிறார். ஆறு மாதம் என்றார்கள். ஓராண்டு ஆகிறது. பிறகு இன்னும் ஓராண்டு. கணவரோடும் இல்லை, வேலையும் இல்லை. பழைய நிறுவனத்திற்குத் திரும்பிப் போகவும் மனம் வரவில்லை. புதிய வேலைக்கு விண்ணப்பித்தால், "எப்போது விசா வரும்? எத்தனை மாதம் இருப்பீர்கள்?" என்று கேட்கிறார்கள். பொய் சொல்ல மனமில்லை, உண்மையைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை.

இதை ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. இது இன்றைய உலகின் குடியேற்றச் சட்டங்களோடும், நம் சமூகத்தின் திருமண வழக்கங்களோடும் பின்னிப் பிணைந்த பிரச்சினை. எனவே சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

வரிசைகள் ஏன் நீள்கின்றன?

வெளிநாட்டில் வாழும் ஒருவர் தம் துணையை அழைத்துக்கொள்ள எல்லா நாடுகளிலும் ஒரே சட்டம் இல்லை. அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். குடியுரிமை பெற்றவரின் மனைவிக்கு அல்லது கணவருக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஆயினும் மனு ஏற்கப்படுவது, ஆவணங்கள் சரிபார்க்கப்படுவது, மருத்துவப் பரிசோதனை, தூதரக நேர்முகம் என்று ஒவ்வொரு படியும் தனித்தனியாகக் காலம் எடுக்கிறது. நிரந்தரக் குடியிருப்பு உரிமை, அதாவது கிரீன் கார்டு மட்டும் உள்ளவர் தம் துணையை அழைத்தால் எண்ணிக்கை வரம்பு உண்டு. மாதந்தோறும் வெளியாகும் விசா அறிக்கையில் தமக்குரிய தேதி வந்துவிட்டதா என்று பார்த்துக் காத்திருக்க வேண்டும். 2019 ஜூலை முதல் 2023 மார்ச் வரை இந்தப் பிரிவில் தேதிக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை இல்லாதிருந்தது. 2023 ஏப்ரலில் வரிசை மீண்டும் தொடங்கியது. அந்த நம்பிக்கையில் திருமணம் செய்தவர்கள் பலர் நடுவழியில் நின்றார்கள்.

தற்காலிக வேலை விசாவில் இருப்பவர் மனைவியை உடனே அழைத்துச் செல்லலாம். ஆனால் அங்கே சென்றபின் காத்திருப்பு வேறு வடிவம் எடுக்கிறது. எச்-4 என்னும் அந்தத் துணை விசாவில் வேலை செய்ய நெடுங்காலம் அனுமதியே இல்லை. 2015 மே 26 முதல்தான், கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தை எட்டியிருந்தால், துணைவருக்கு வேலை அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால் பழையது தானாகவே நீட்டிக்கப்படும் என்றிருந்த வசதியும் 2025 அக்டோபர் 30 முதல் அளிக்கப்பட்ட விண்ணப்பங்களுக்கு நீக்கப்பட்டது. முதுநிலைப் பட்டம் பெற்றவர் அடுக்கு மாடிக் குடியிருப்பில் நாளெல்லாம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

பிரித்தானியாவில் கேள்வி வருமானத்தைப் பற்றியது. 2012 ஜூலையில், துணையை அழைப்பவருக்கு ஆண்டுக்கு 18,600 பவுண்டு வருமானம் வேண்டும் என்று விதித்தார்கள். 2024 ஏப்ரல் 11 அன்று அது 29,000 பவுண்டாக உயர்ந்தது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் மனைவி சென்னையில் எவ்வளவு நல்ல சம்பளம் வாங்கினாலும் இந்தக் கணக்கில் அது சேராது. அவர் அங்கே வந்து எவ்வளவு சம்பாதிக்கக் கூடும் என்பதும் சேராது. மேலும் 2024 மார்ச் 11 அன்று, முதியோரைப் பராமரிக்கும் பணிக்குப் புதிதாகச் செல்வோர் தம் துணையையோ குழந்தைகளையோ உடன் அழைத்துச் செல்ல முடியாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பிறர் பெற்றோரைப் பேண ஒருவர் வேண்டும், ஆனால் அவருடைய குடும்பம் வேண்டாம் என்பதுதான் இதன் பொருள்.

கனடாவில் துணைக்கான மனுக்களைப் பன்னிரண்டு மாதத்தில் முடிப்பதை இலக்காக 2016 டிசம்பரில் அரசு அறிவித்தது. மாணவர்கள், பணியாளர்கள் ஆகியோரின் துணைவருக்குத் தரப்பட்ட திறந்த வேலை அனுமதியை 2025 ஜனவரி 21 முதல் வெகுவாகச் சுருக்கியது. ஜெர்மனியோ 2007 முதல், பொதுவாக, புறப்படும் முன்பே அடிப்படை ஜெர்மன் மொழித் தேர்வில் தேற வேண்டும் என்கிறது.

இந்த விதிகளுக்குப் பின்னால் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. விசாவுக்காக மட்டும் நடத்தப்படும் போலித் திருமணங்கள் உண்டு. வருகிறவரைத் தாங்கும் வசதி இருக்கிறதா என்று ஒரு நாடு கேட்பதும் தவறல்ல. ஆனால் விதி மாறும்போதெல்லாம் அதன் சுமையைச் சுமப்பவர், விதியை எழுதிய நாட்டில் வாக்குரிமை இல்லாத ஓர் இளம்பெண். அவருடைய குரல் எந்தப் பாராளுமன்றத்திலும் ஒலிப்பதில்லை.

உண்மையில் இழப்பது எது?

காத்திருப்போரிடம் பேசினால் முதலில் பணத்தைப் பற்றிச் சொல்வார்கள். சற்று நேரம் கழித்துத்தான் உண்மையான வலி வெளிவரும். "சாமி, நான் யார் என்றே எனக்குத் தெரியவில்லை" என்பதுதான் அது. நேற்றுவரை அவருக்கென்று ஒரு மேசை இருந்தது, அவரை நம்பி நோயாளிகள் இருந்தார்கள், மாதக் கடைசியில் தம் பெயரில் ஒரு தொகை வந்தது. இன்று அவர் மாமியார் வீட்டில் விருந்தாளியும் அல்ல, உரிமைக்காரியும் அல்ல. தாய் வீட்டிற்கு வந்தால், "கட்டிக்கொடுத்த பெண் ஏன் இங்கே இருக்கிறாள்?" என்று தெரு கேட்கிறது. திருவிழாவுக்கும் திருமணத்திற்கும் போனால், "இன்னும் விசா வரலையா?" என்பது முதல் கேள்வி, "விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்பது இரண்டாவது கேள்வி. கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். பதில் சொல்லிச் சொல்லிக் களைத்தவர் மெல்ல மெல்ல வெளியே வருவதையே நிறுத்திவிடுகிறார். சிலர் ஞாயிறு திருப்பலிக்கும் இரண்டாம் பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நின்று, முடியுமுன் போய்விடுகிறார்கள்.

ஆண்களுக்கும் இந்த நிலை உண்டு. மனைவி வெளிநாட்டில் செவிலியராக இருக்க, இங்கே காத்திருக்கும் கணவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். "மனைவி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான்" என்ற பேச்சு அவர்களை வேறு விதமாகக் குத்துகிறது. பெண்ணாவது அழுகிறார். இவர்கள் அழுவதில்லை. சிலர் குடிக்கத் தொடங்குகிறார்கள்.

வேலை என்பது வெறும் கூலி அல்ல. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலின் மையக் கருத்தே இதுதான்: உழைப்பின் வழியாக மனிதர் பொருளை மட்டும் உருவாக்குவதில்லை, தம்மையும் உருவாக்குகிறார். ஆகவே உழைக்கும் ஆற்றலும் விருப்பமும் உள்ளவரை ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்கச் செய்வது அவருடைய மாண்பைத் தொடும் காரியம். "கணவர்தான் அனுப்புகிறாரே, உனக்கு என்ன குறை?" என்று கேட்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

திருச்சபை என்ன சொல்கிறது?

கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வது அவர்களுடைய கடமையும் உரிமையும் என்று திருச்சபைச் சட்டம் கூறுகிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1952-இல் புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கென்றே தனி ஏட்டை வெளியிட்டார். 1983-இல் திருப்பீடம் வெளியிட்ட குடும்ப உரிமைகள் சாசனம், வேலைக்காகப் புலம்பெயர்ந்தவர் தம் குடும்பத்தோடு கூடிய விரைவில் இணைவதை அவருடைய உரிமையாகவே குறிப்பிடுகிறது. நாடுகள் குடியேற்றத்தை ஒழுங்குபடுத்தலாம் என்பதைத் திருச்சபை மறுப்பதில்லை. ஆனால் ஒழுங்குபடுத்துவது வேறு, ஒரு குடும்பத்தை முடிவில்லாமல் பிரித்து வைப்பது வேறு.

உலக நாடுகளும் இதை ஏட்டளவில் ஏற்றிருக்கின்றன. புலம்பெயர் தொழிலாளர் மற்றும் அவர்கள் குடும்பத்தாரின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1990-இல் நிறைவேறி 2003-இல் நடைமுறைக்கு வந்தது. குடும்பங்கள் இணைய அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்று அது கேட்கிறது. ஆனால் நம் மக்கள் விரும்பிச் செல்லும் அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, ஜெர்மனி ஆகிய எதுவும் அதில் சேரவில்லை. நம் இந்தியாவும் சேரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் இயற்றிய நெறிமுறை, விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக ஒன்பது மாதத்திற்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது. கேட்பவருக்கு ஒரு காலக்கெடு தருவது எவ்வளவு பெரிய இரக்கம் என்பதைக் காத்திருப்பவர்தான் அறிவார். "இல்லை" என்ற பதிலைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், பதிலே வராமல் இருப்பதைத் தாங்குவதுதான் கடினம்.

செசரியாவில் இரண்டு ஆண்டுகள்

திருத்தூதர் பணிகள் நூலில் நாம் வேகமாகக் கடந்துவிடும் ஒரு பகுதி உண்டு. பவுல் செசரியாவில் கைதியாக இருக்கிறார். அவர்மீது குற்றம் நிரூபிக்கப்படவில்லை. விடுதலையும் இல்லை. ஆளுநர் பெலிக்சு அவரை அடிக்கடி அழைத்துப் பேசுகிறார், ஆனால் தீர்ப்புச் சொல்வதில்லை. கையூட்டுக் கிடைக்குமா என்று எதிர்பார்க்கிறார். இப்படியே இரண்டு ஆண்டுகள் கழிகின்றன. பெலிக்சு மாற்றலாகிப் போகும்போதும் கோப்பு முடிக்கப்படாமலேயே அடுத்த ஆளுநர் பெஸ்துவின் கைக்குப் போகிறது. இன்றைய அலுவலகங்களை அறிந்தவர்களுக்கு இது புதிய கதை அல்ல.

உலகெங்கும் சுற்றிப் பணியாற்றிய பவுலுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும்? நூலாசிரியர் அதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. ஆனால் இரண்டு செய்திகளைச் சொல்கிறார். நண்பர்கள் அவரிடம் வந்து உதவி செய்யத் தடை இருக்கவில்லை. பவுலும், தம்மைப் பற்றி முடிவு செய்யும் அதிகாரம் முழுவதையும் அந்த ஆளுநர்களிடம் விட்டுவிடவில்லை. பேச வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் பேசினார். உரிய நேரத்தில் தம் சட்ட உரிமையைப் பயன்படுத்திப் பேரரசரிடம் முறையிட்டார். காத்திருந்தார், ஆனால் செயலற்றுப் போகவில்லை. அவரைச் சுற்றி இருந்தவர்களும் அவரைத் தனியே விடவில்லை. இந்த இரண்டும் நமக்குப் பாடம்.

காத்திருப்பவர் செய்யக்கூடியவை

முதலாவதாக, விசா கைக்கு வரும் முன் வேலையை விடாதீர்கள். குடியேற்ற விசா கையில் கிடைக்கும் வரை வேலையை விடவோ, சொத்தை விற்கவோ, பயணச்சீட்டை உறுதிசெய்யவோ வேண்டாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே விண்ணப்பதாரர்களுக்கு அறிவுறுத்துகிறது. கணவர் வீட்டார் வற்புறுத்தினால் இதை எடுத்துச் சொல்லுங்கள். ஊதியமில்லா விடுப்பு, பகுதிநேரப் பணி, வீட்டிலிருந்தே பணி ஆகியவற்றுக்கு வழி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

இரண்டாவதாக, ஏற்கெனவே வேலையை விட்டிருந்தால் உங்கள் தகுதியை உயிரோடு வைத்திருங்கள். செவிலியர்கள் மன்றப் பதிவைப் புதுப்பிக்கத் தவற வேண்டாம். போகும் நாட்டில் உங்கள் பட்டத்தை மதிப்பிட எந்த அமைப்பு, எந்தச் சான்று கேட்கிறது என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியலை முத்திரையிட்ட உறையில் பெறுவது ஊரில் இருக்கும்போது சில நாள் அலைச்சல், வெளிநாடு சென்றபின் பல மாதப் போராட்டம். ஐ.ஈ.எல்.டி.எஸ். போன்ற மொழித் தேர்வு மதிப்பெண்களுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுதான் ஆயுள் என்பதால், பயிற்சியை இன்றே தொடங்கினாலும் தேர்வு எழுதும் நாளைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவதாக, ஆவணங்களைச் சரிசெய்யுங்கள். இது பங்கு அலுவலகத்தில் நாங்கள் கண்கூடாகப் பார்ப்பது. திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக மாறியிருக்கும். முன்னெழுத்தை விரித்து எழுதிய விதத்தில் ஓர் எழுத்து வேறுபட்டாலும் கோப்பு நிறுத்தப்படுகிறது. ஆலயத்தில் நடந்த திருமணமாயினும், தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாள்களுக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். திருமண ஓலை வாசிக்கப்படும் நாள்களிலேயே இவற்றை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டால் பின்னர் பல மாதங்கள் மிச்சமாகும்.

நான்காவதாக, நாளுக்கு ஓர் ஒழுங்கு வையுங்கள். விசா நிலவரத்தை இணையத்தில் நாளுக்குப் பத்து முறை பார்ப்பதால் கோப்பு நகர்வதில்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள்களை உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள். சிறிய தொகையானாலும் உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் சேரும் ஒரு வருமானத்தைத் தேடுங்கள். வீட்டிலேயே சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது அற்பமான வேலை அல்ல. நேர்முகத்தில் "இந்த இரண்டு ஆண்டு என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும்போது நேர்மையாகச் சொல்ல ஒரு பதில் இருக்கும்.

குடும்பத்தாரும் பங்கும்

வெளிநாட்டில் இருக்கும் கணவருக்கு ஒரு வார்த்தை. மனுவின் எண், அது எந்தக் கட்டத்தில் உள்ளது என்ற விவரம், வந்த கடிதங்கள் அனைத்தும் உங்கள் மனைவிக்குத் தெரிய வேண்டும். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது அன்பான சொல்லாகத் தோன்றலாம். ஆனால் அது அவரை இருட்டில் நிறுத்துகிறது. வருமானம் போதவில்லை, வேலை போய்விட்டது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். கெட்ட செய்தியைவிட மறைத்த செய்தியே திருமணத்தை அதிகம் அரிக்கிறது.

மாமனார் மாமியாருக்கும் ஒரு வேண்டுகோள். மகன் வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அல்ல உங்கள் மருமகள். அவர் படிக்க, தேர்வு எழுத, வேலைக்குப் போக விரும்பினால் தடுக்காதீர்கள்.

பெண்ணைப் பெற்றவர்கள் திருமணத்திற்கு முன்பே விசாரிக்க வேண்டியவை உண்டு. மாப்பிள்ளை குடியுரிமை பெற்றவரா, நிரந்தரக் குடியிருப்பு உள்ளவரா, தற்காலிக விசாவா? துணையை அழைக்கும் தகுதி அவருக்கு இன்று இருக்கிறதா? "ஃபாரின் மாப்பிள்ளை" என்ற ஒரே சொல்லில் இந்தக் கேள்விகள் மூழ்கிவிடுகின்றன. மனுவே போடாமல் ஆண்டுக்கணக்கில் ஏமாற்றியவர்களும், கைவிட்டுச் சென்றவர்களும் இருக்கிறார்கள். இத்தகைய திருமணங்களுக்கென முழுமையான சட்டம் வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாடுவாழ் இந்தியர் திருமணப் புகார்களுக்கெனத் தனிப் பிரிவு உள்ளது. ஐயம் எழுந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உதவி கேளுங்கள். உங்கள் பங்குத்தந்தையிடமும் வாருங்கள். மாப்பிள்ளை வாழும் ஊரின் பங்கிலிருந்து அவர் திருமணமாகாதவர் என்ற சான்றைக் கேட்பது வெறும் சடங்கு அல்ல, உங்கள் மகளுக்கான பாதுகாப்பு.

பங்காக நாம் என்ன செய்யலாம்? அன்பியக் கூட்டங்களில் இவர்களைத் தேடிச் சந்திக்கலாம். காத்திருப்போர் நான்கைந்து பேர் ஒரே பங்கில் இருந்தும் ஒருவரை ஒருவர் அறியாமல் இருக்கிறார்கள். அவர்களை ஒன்றுசேர்த்தாலே பாதிப் பாரம் குறையும். எந்த ஆவணம், எந்தத் தேர்வு என்ற அறிவையும் பகிர்ந்துகொள்வார்கள். அதே வேளையில், "சும்மாதானே இருக்கிறாய், மறைக்கல்வி எடு, பாட்டுக் குழுவுக்கு வா" என்று எல்லா இலவச வேலையையும் அவர்கள் தலையில் கட்டுவது முறையல்ல. மனமுவந்து செய்தால் மகிழ்ச்சி. ஆனால் நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் தற்காலிகப் பணி இருந்தால், ஒப்பந்தம் ஆறு மாதத்திற்கானாலும், உரிய ஊதியத்தோடு அவர்களுக்குத் தர நிர்வாகிகள் முன்வர வேண்டும். எப்போது போவார் என்று தெரியாதவரை வேலைக்கு எடுப்பதில் சிறு இடர்ப்பாடு உண்டுதான். அந்தச் சிறு இடர்ப்பாட்டை நாம் ஏற்காவிட்டால் வேறு யார் ஏற்பார்கள்?

அடுத்த முறை ஆலய முற்றத்தில் அவர்களைச் சந்திக்கும்போது, "விசா வந்ததா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "என்ன படித்துக்கொண்டிருக்கிறாய்? என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

விசா எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. அது வரும்வரை அந்த மகளோ மகனோ நம் நடுவில் மதிப்போடு வாழ்கிறாரா என்பது முழுவதும் நம் கையில்தான் இருக்கிறது. எகிப்தில் அந்நியராக வாழ்ந்த திருக்குடும்பம், பிரிந்து வாழும் எல்லாக் குடும்பங்களுக்காகவும் பரிந்து பேசுவதாக. அவர்கள் விரைவில் ஒன்றுசேர இந்த வாரத் திருப்பலியில் சிறப்பாகச் செபிப்போம்.